காருக்கு வாக்ஸா, சீலன்டா? பளபளப்பும் பாதுகாப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் பெயிண்டுக்கு என்ன பூசலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பிராண்டுக்கு முன்னால் தெரிய வேண்டியவை வேறு: கார் நிழலில் நிற்கிறதா வெயிலில் நிற்கிறதா, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள், தினமும் யார் எந்தத் துணியால் துடைக்கிறார்கள். இந்த மூன்றும் சரியில்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டப்பாவும் வீண். நம் ஊர் வெயிலையும் போர் தண்ணீரையும் மனதில் வைத்தே கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன்.

வாக்ஸுக்கும் சீலன்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

வாக்ஸ் என்பது இயற்கை மெழுகு. சீலன்ட் என்பது ஆலையில் தயாராகும் பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளாலான செயற்கைப் பொருள்.

கார் வாக்ஸில் பெரிய பெயர் கார்னாபாவுக்குத்தான். பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி போன்ற மாநிலங்களில் வளரும் ஒரு பனை வகை மரத்தின் ஓலையில் படியும் மெழுகு இது. வறண்ட மாதங்களில் ஓலையின் ஈரம் வற்றிவிடாமல் காப்பது இந்த மெழுகுப் படிவுதான். ஓலையை வெட்டி, காயவைத்து, அடித்தால் மெழுகு தூளாக உதிரும். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றில் இதுவும் ஒன்று. 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். மாத்திரைகளின் மேல்பூச்சிலும் மிட்டாய்களின் மினுமினுப்பிலும்கூட கார்னாபா இருக்கிறது.

சுத்தமான கார்னாபா கட்டி கல் மாதிரி இருக்கும். அதை அப்படியே பானெட்டில் தேய்க்க முடியாது. எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகுகள் எல்லாம் சேர்த்துத்தான் பசையாகவோ திரவமாகவோ ஆக்குகிறார்கள். டப்பாவில் "100 சதவீதம் கார்னாபா" என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் மெழுகு முழுவதும் கார்னாபா என்று அர்த்தம். டப்பா முழுக்கக் கார்னாபா என்று அர்த்தமில்லை.

சீலன்டில் பெரும்பாலும் இருப்பது சிலிக்கோன் வகைப் பாலிமர்கள். பூசிய பிறகு இவை பெயிண்டின் மேல் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று பின்னி ஒரு படலமாக ஆகும். அதற்கு நேரம் வேண்டும். பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும் என்று பாட்டிலில் போட்டிருப்பது இதனால்தான்.

கடைக்குப் போகும் முன் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இன்று இந்த எல்லை கலைந்துவிட்டது. மெக்கயர்ஸ் அல்டிமேட் லிக்விட் வாக்ஸ் என்ற பாட்டிலில் "வாக்ஸ்" என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது செயற்கைப் பாலிமர், அதாவது நடைமுறையில் சீலன்ட். கார்னாபாவும் பாலிமரும் கலந்த பாட்டில்களும் நிறைய உண்டு. முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பளபளப்பு எதில் அதிகம்?

இரண்டிலும் பளபளப்பு உண்டு. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது.

கார்னாபா பூசிய கருப்பு, அடர் சிவப்பு, அடர் நீலக் கார்களைச் சாயங்கால வெளிச்சத்தில் பாருங்கள். நிறம் ஆழமாக, கொஞ்சம் ஈரமாக இருப்பது போலத் தெரியும். வாக்ஸில் இருக்கும் எண்ணெய்கள் நுண்ணிய கீறல்களை நிரப்பி மறைப்பதும் இதற்கு ஒரு காரணம். சீலன்டின் பளபளப்பு கண்ணாடி போன்றது: கூர்மையானது, எதிரொளி தெளிவாக இருக்கும். வெள்ளை, சில்வர், சாம்பல் நிறக் கார்களுக்கு இதுதான் பொருந்தும். வெள்ளைக் காரில் ஆழம் தெரிய வழியே இல்லை. சுத்தமும் கூர்மையும்தான் அதன் அழகு.

நம் சாலையில் அதிகம் ஓடுவது வெள்ளைக் கார்கள்தான். வெள்ளைக் காருக்கு விலை உயர்ந்த கார்னாபா பேஸ்ட் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பணத்தில் நல்ல மைக்ரோஃபைபர் துணிகள் வாங்கலாம்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியும் பளபளப்பில் பெரும்பங்கு பெயிண்டின் வழவழப்பிலிருந்து வருகிறது. அதன் மேல் பூசுவது கடைசி ஐந்து பத்து சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீறல் நிறைந்த பெயிண்டில் எதைப் பூசினாலும் மங்கல்தான்.

எது அதிக நாள் தாங்கும்?

சந்தேகமே இல்லாமல் சீலன்ட். நல்ல கார்னாபா வாக்ஸ் ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். சீலன்ட் நான்கு முதல் ஆறு மாதம். பாட்டிலில் ஒரு வருடம் என்று போட்டிருக்கலாம். குளிர்ந்த நாட்டில், கூரை உள்ள கேரேஜில், வாரம் ஒருமுறை மென்மையான ஷாம்புவில் கழுவும் காருக்கு அது நடக்கும். மதுரையில் தெருவோரம் நிற்கும் காருக்கு அதில் பாதியை எதிர்பார்ப்பதே நியாயம்.

நம் ஊர் வெயிலில் வாக்ஸ் உருகி ஓடிவிடும் என்கிறார்களே?

ஓடாது. மே மாத உச்சி வெயிலில் கருப்புக் காரின் பானெட் 70 டிகிரியைத் தாண்டுவது உண்டு. கார்னாபாவின் உருகுநிலை அதற்கும் மேலே. ஆனால் டப்பாவில் இருப்பது எண்ணெய் கலந்த கார்னாபா என்பதால் படலம் இளகும். இளகிய படலத்தில் தூசி ஒட்டும், அதைத் துடைக்கும்போது வாக்ஸும் கூடவே போகும். இப்படி வெயில், தூசி, ஷாம்பு மூன்றும் சேர்ந்துதான் அதைக் கரைக்கின்றன.

வெயிலில் நிற்கும் காருக்கு அடிப்படைப் பாதுகாப்பாகச் சீலன்டைத்தான் சொல்வேன். நிழலில் நிற்கும், வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் அடர் நிறக் கார் என்றால் வாக்ஸ் போட்டு ரசியுங்கள்.

பாலிஷும் வாக்ஸும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தால் நிறைய கார்களின் பெயிண்ட் தேய்ந்துபோகிறது.

பாலிஷில் அரைக்கும் துகள்கள் இருக்கும். அது பெயிண்டின் மேல்பகுதியைச் சீவி எடுத்துத்தான் கீறலை மறைக்கிறது. வாக்ஸும் சீலன்டும் எதையும் எடுப்பதில்லை, மேலே சேர்க்கின்றன. ஒரு காரின் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் வைத்துப் பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரான் போகும்.

சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "ரப்பிங் பாலிஷ் போட்டுத் தரட்டுமா சார்?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காரின் ஆயுளில் இரண்டு மூன்று முறை, அதுவும் தேவை இருந்தால், தெரிந்த கையால் செய்ய வேண்டிய வேலை அது. வாக்ஸோ சீலன்டோ எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம்.

கிளியர் கோட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. கிளியர் கோட் இல்லாத பழைய காலப் பெயிண்ட் வெயிலில் வெளுத்து, கையை வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும். அந்தக் கார்களுக்கு வாக்ஸ் கட்டாயம். இன்றைய கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்கள் சேர்க்கப்பட்டே வருகின்றன. வெயிலிலிருந்து பெயிண்டைக் காப்பதில் பெரிய வேலையை அதுதான் செய்கிறது. ஒரு மைக்ரான்கூட இல்லாத வாக்ஸ் படலம் புற ஊதாக் கதிரைப் பெரிதாகத் தடுத்துவிடும் என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை.

வாக்ஸும் சீலன்டும் உண்மையில் செய்வது வேறு. பறவை எச்சம், மரப்பிசின், பூச்சிக் கசிவு, தண்ணீரின் உப்பு எல்லாம் கிளியர் கோட்டை நேரடியாகத் தொடாமல் நடுவில் நிற்கின்றன. சேதம் முதலில் அவற்றுக்குப் போகும். அழுக்கு இறுகப் பிடிக்காததால் கழுவும்போது அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை, அதனால் கீறலும் குறைகிறது. என்னைக் கேட்டால் இந்தக் கடைசிப் பலன்தான் மிகப் பெரியது.

காக்கை எச்சத்திலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைக்குமா?

நேரம் கிடைக்கும், முழுப் பாதுகாப்பு கிடைக்காது. எச்சத்தில் இருக்கும் அமிலத்தன்மை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வெயிலில் பெயிண்ட் சூடாகி இளகி விரிகிறது, அதே நேரத்தில் எச்சம் காய்ந்து கெட்டியாகிறது. சூடு தணிந்து பெயிண்ட் சுருங்கும்போது அந்தக் கெட்டியான எச்சத்தின் அடிப்பக்க வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு கழுவினாலும் அந்த இடத்தில் மங்கலான வட்டம் தெரிவது இதனால்தான்.

சீலன்ட் இருந்தால் சில மணி நேரம் அவகாசம் உண்டு. நாள் முழுக்க விட்டுவைத்தால் சீலன்டும் தோற்கும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டாதீர்கள், அதில் மண் துகள் இருக்கும். ஈரத் துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, மெல்ல ஒற்றி எடுங்கள்.

மரநிழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமரம் பூக்கும் காலத்தில் அதன் அடியில் கார் நிறுத்தினால் பிசுபிசு என்று ஏதோ படியும். மரம் சொட்டுவதில்லை அது, பூங்கொத்தில் மொய்க்கும் தத்துப்பூச்சிகளின் இனிப்பான கசிவு. சீலன்ட் போட்ட காரில் வெதுவெதுப்பான தண்ணீருக்கே போய்விடும். எதுவும் பூசாத காரில் அது காய்ந்து, தூசி பிடித்து, கறுத்துவிடும்.

போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன. வாக்ஸ் போட்டால் நிற்குமா?

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சென்னைக்காரர்களின் கார்களில் நான் அதிகம் பார்க்கும் சேதம் இதுதான். வேளச்சேரி, ஓ.எம்.ஆர். பக்கம் அபார்ட்மென்டில் வரும் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் பல இடங்களில் கடினத் தண்ணீர்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை. கார் கழுவும் தண்ணீரை யாரும் சோதிப்பதில்லை.

தண்ணீர் ஆவியானதும் அதில் இருந்த கால்சியமும் மெக்னீசியமும் புள்ளியாகப் படிகின்றன. நீர்த்துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துப் பெயிண்டைச் சுடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல, சேதம் செய்வது உப்புதான். வெயிலில் மறுபடி மறுபடி காய்ந்தால் அந்தப் படிவு கிளியர் கோட்டில் இறங்கிவிடும்.

வாக்ஸோ சீலன்டோ போட்டால் புள்ளி வராமல் இருக்காது. சில சமயம் இன்னும் அதிகமாகவே தெரியும். தண்ணீரை முத்து முத்தாகத் திரளவைக்கும் பூச்சில், ஒவ்வொரு முத்தும் தன் உப்பை ஒரே இடத்தில் குவித்துவிட்டுக் காய்கிறது. ஆனால் அந்தப் படிவு பூச்சின் மேல் உட்கார்ந்திருக்கும், பெயிண்டுக்குள் இறங்க நாளாகும். எடுப்பதும் சுலபம்.

தீர்வு உலர்த்துவதில் இருக்கிறது. காலையில் வெயில் ஏறும் முன் அல்லது சாயங்காலம் கழுவுங்கள். கழுவிய உடனே பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்து ஒற்றி எடுங்கள். கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு ஏறக்குறைய இருக்காது. வெயில் காலத்தில் ஒரு வாளி சுலபமாகச் சேரும், தூசி இருந்தால் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சிலர் சிக்கனமாகக் காருக்குப் பயன்படுத்துகிறார்கள். தரை கழுவ அது சரி, காருக்கு வேண்டாம். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே படிந்த புள்ளிகளுக்கு, வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, நிழலில், பானெட் ஆறியிருக்கும்போது, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து நன்றாகக் கழுவுங்கள். அந்த இடத்தில் வாக்ஸும் பலவீனமாகியிருக்கும், திரும்பப் பூச வேண்டும்.

தினமும் துடைக்க ஆள் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் வாக்ஸ் தேவையா?

உங்கள் கார் வெயிலில் நிற்கும்போது பானெட்டில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிகின்றனவா? அவை இந்தத் தினசரித் துடைப்பில் வந்தவை.

ராத்திரி முழுக்கக் காரில் படிவது மண்ணும் கட்டட வேலைத் தூசியும். காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியும் வைத்து வரிசையாகப் பல கார்களைத் துடைக்கும்போது, மூன்றாவது காரிலேயே அந்தத் துணி உப்புத்தாள் ஆகிவிடுகிறது. எந்த வாக்ஸும் எந்தச் சீலன்டும், அவற்றைவிட வலுவான செராமிக் கோட்டிங்கூட, இதைத் தாங்காது. துடைப்பவர் மேல் இதில் குற்றம் சொல்வதற்கில்லை. மாதம் சில நூறு ரூபாய்க்கு அத்தனை கார்களை அலுவலக நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் அவருக்கு.

செய்யக்கூடியது இது: அந்த அண்ணனிடம் பேசி, உங்கள் காருக்கென்று தனியாக இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துணி கொடுங்கள். தினமும் கண்ணாடிகளையும் உள்ளேயும் மட்டும் துடைத்தால் போதும், பாடியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரம் ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டு, ஷாம்பு போட்டுக் கழுவச் சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள். இந்த ஒரு மாற்றம் எந்த வாக்ஸையும்விட உங்கள் காரின் பளபளப்பைக் காப்பாற்றும். தூசியோடு பார்க்க முதல் வாரம் மனசு கேட்காதுதான். ஆனால் தூசி சும்மா இருக்கும்போது எதையும் கீறுவதில்லை, அதை இழுக்கும் கைதான் கீறுகிறது.

ஷோரூமில் டெஃப்லான் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

டெஃப்லான் என்பது பி.டி.எஃப்.இ. என்ற பாலிமர். அதன் உருகுநிலை சுமார் 327 டிகிரி. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் அதைப் பிடிக்கவைக்க உயர்ந்த வெப்பத்தில் சுடுகிறார்கள். காரை அப்படிச் சுட முடியாது. எனவே "டெஃப்லான்" என்று விற்கப்படும் பூச்சு காரில் நிற்பது, அதில் கலந்திருக்கும் மற்ற வாக்ஸ், சிலிக்கோன் பொருள்களால்தான். கிடைப்பது ஒரு சீலன்டின் பலன், விலை மட்டும் பல மடங்கு. நான் போட மாட்டேன்.

செராமிக் கோட்டிங் உண்மையிலேயே வேறு வகை. சிலிக்கா அடிப்படையிலான திரவம், பெயிண்டோடு வலுவாகப் பிணைந்து இரண்டு மூன்று வருடம் வரை நிற்கக்கூடியது. ஆனால் போடும் முன் பெயிண்டைச் சரிசெய்யும் வேலைதான் அதில் பெரிது. கீறலின் மேல் போட்டால் கீறலோடு சேர்த்துப் பூட்டியது மாதிரி ஆகிவிடும். "9எச் கடினம்" என்பது பென்சில் வைத்துக் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, வைரத்துக்குப் பக்கத்தில் வரும் கடினம் என்று நினைத்துவிடாதீர்கள். லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லை அது தடுக்காது. கல்லுக்கு மருந்து 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாதுகாப்பு ஃபிலிம் மட்டுமே.

சீலன்ட் போட்டு அதன்மேல் வாக்ஸ் போடலாமா?

தாராளமாக. ஆனால் வரிசை முக்கியம். சீலன்ட் முதலில், அது ஒரு நாள் காய்ந்த பிறகு வாக்ஸ். வாக்ஸின் எண்ணெய் மேல் சீலன்ட் பிடிக்காது, அதனால் தலைகீழாகச் செய்தால் இரண்டும் வீண். அடர் நிறக் கார் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி: சீலன்ட் வருடத்துக்கு இரண்டு முறை, விசேஷங்களுக்கு முன் மேலே ஒரு கை வாக்ஸ்.

நானே வீட்டில் போட முடியுமா?

முடியும், அரை நாள் வேலை. மெஷின் தேவையில்லை.

முதலில் நன்றாகக் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் துணி சோப்புத்தூளும் வேண்டாம், அவை இருக்கும் வாக்ஸைக் கரைத்துவிடும். கார் ஷாம்பு வாங்கிக்கொள்ளுங்கள். கழுவி உலர்ந்த பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு இப்போது தெரியும். பிரேக்கிலிருந்தும் ரயில் பாதைப் பக்கத்திலிருந்தும் பறந்து வரும் இரும்புத் துகள், பெயிண்ட் தூறல், சிமென்ட் எல்லாம் அப்படி ஒட்டியிருப்பவை. கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியை, வழுக்கும் திரவம் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டினால் அது எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். கீழே விழுந்த கிளேயை எடுத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

சீலன்ட் போடுவதானால், அதற்கு முன் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அதே அளவு தண்ணீர் கலந்து துடைத்தால் பழைய எண்ணெய்ப் படிவு போய் நன்றாகப் பிடிக்கும். வாக்ஸுக்கு இது அவசியமில்லை.

பூசுவதில் எல்லோரும் அதிகமாகவே பூசுகிறார்கள். ஒரு ஹேட்ச்பேக்குக்கு 20 முதல் 30 மில்லி திரவம் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக, நுரைப் பஞ்சால், பாதி பானெட் பாதி பானெட்டாகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் பாதுகாப்பு கூடாது, துடைக்கும் கஷ்டம்தான் கூடும். வெயிலிலும் சூடான பானெட்டிலும் வேண்டவே வேண்டாம். காய்ந்ததா என்று பார்க்க விரலால் ஒரு கோடு இழுங்கள். சுத்தமாக வந்தால் துடைக்கலாம், இழுபட்டால் காத்திருங்கள். கடலோர ஈரக்காற்றில் பாட்டிலில் சொன்னதைவிட அதிக நேரம் ஆகும். பிறகு மடித்த மைக்ரோஃபைபரால் துடைத்து, பக்கத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

கருப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் வாக்ஸ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து அசிங்கமாக நிற்கும். முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

புதுக் காருக்கு எப்போது போடலாம்?

எடுத்த அன்றே. ஆலையில் பெயிண்டைச் சூட்டடுப்பில் சுட்டே அனுப்புகிறார்கள், அது முழுமையாகக் காய்ந்தது. ஆனால் இடித்து டிங்கரிங், பெயிண்டிங் செய்த பகுதி அப்படி இல்லை. அதிலிருந்து கரைப்பான் வெளியேற ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை அங்கே சீலன்டோ வாக்ஸோ வேண்டாம், வெறுமனே கழுவினால் போதும்.

தண்ணீர் முத்து முத்தாக நிற்பதுதான் பாதுகாப்புக்கு அடையாளமா?

ஓரளவுக்கு. சில சீலன்ட்கள் தண்ணீரை முத்தாக்காமல் விரிப்பு மாதிரி வழிந்தோட விடும், அவை பலவீனமானவை அல்ல. மேலே தூசி படிந்திருந்தாலும் முத்து உருவாகாது. எனவே ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகு பாருங்கள். அப்போதும் தண்ணீர் தட்டையாகப் பரவி அசையாமல் கிடந்தால் பூச்சு போய்விட்டது, திரும்பப் போடும் நேரம்.

ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனம், குங்குமம் பெயிண்டைக் கெடுக்குமா?

ஒரு நாள் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாம் அதை எடுக்க மனமில்லாமல் வாரக்கணக்கில் விட்டுவைக்கிறோம். வெயிலில் காய்ந்தபின் வெள்ளைக் காரில் குங்குமம் இளஞ்சிவப்புக் கறையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஜைக்கு முந்தின வாரம் சீலன்டோ வாக்ஸோ போட்டுவிட்டால் கறை பூச்சோடு நின்றுவிடும். பொட்டை கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்தால் இன்னும் நல்லது. தீபாவளிக்கு மறுநாள் காரில் படிந்திருக்கும் பட்டாசுச் சாம்பலையும் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், தண்ணீர் விட்டுத்தான் இறக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறோம். துருவை வாக்ஸ் தடுக்குமா?

பெயிண்ட் முழுதாக இருக்கும் இடத்தில் துரு பிடிக்காது. கல் பட்டுப் பெயர்ந்த இடம், கதவின் அடி ஓரம், தகடுகள் சேரும் விளிம்பு, காரின் அடிப்பகுதி, இங்கேதான் உப்புக் காற்று வேலை செய்யும். அங்கெல்லாம் வாக்ஸ் போவதில்லை. பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்கள் அடிப்பகுதியை அடிக்கடி நல்ல தண்ணீரில் அலசுவதும், பெயர்ந்த புள்ளிகளில் உடனே டச்அப் பெயிண்ட் வைப்பதும் முக்கியம்.

சரி, எதைத்தான் வாங்குவது?

வெயிலில் நிற்கும் வெள்ளை, சில்வர் கார்: மெக்கயர்ஸ் அல்டிமேட் மாதிரி ஒரு திரவ சீலன்ட், நான்கு மாதத்துக்கு ஒருமுறை. நீண்ட நாள் நிற்க வேண்டும், கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால் ஜப்பானின் சாஃப்ட்99 ஃபுஸ்ஸோ கோட். 12 மாதம் என்று டப்பாவில் போட்டிருக்கும், மேலே சொன்ன கணக்கில் குறைத்துக்கொள்ளுங்கள். மிக மெல்லியதாகப் பூச வேண்டிய பொருள் அது. அடர் நிறக் கார், பளபளப்பும் வேண்டும் ஓரளவு ஆயுளும் வேண்டும் என்றால் கொலினைட் 845 எனக்குப் பிடித்தது. கார்னாபாவும் பாலிமரும் கலந்தது. மின்கம்பங்களின் பீங்கான் இன்சுலேட்டர்களுக்காக வந்த பூச்சு என்பதால் இன்றும் அதன் பெயர் இன்சுலேட்டர் வாக்ஸ். குளிரில் பாட்டிலுக்குள் கெட்டியாகும், வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக் குலுக்கிப் பயன்படுத்துங்கள்.

கையால் தேய்க்க நேரமே இல்லை என்பவர்களுக்கு ஸ்ப்ரே சீலன்ட் போதும். ஈரக் காரில் தெளித்துத் துடைத்தால் முடிந்தது. ஒன்றிரண்டு மாதம் நிற்கும், ஒன்றும் இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

மண்ணெண்ணெய் கலந்து துடைத்தால், தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கிறதே?

ஒரு மணி நேரம் பளபளக்கும். மண்ணெண்ணெய் இருக்கும் வாக்ஸைக் கரைத்துவிடும். எண்ணெய் தெருத் தூசியை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொள்ளும், அடுத்த நாள் துடைக்கும்போது அது கீறலாகும். வாட்டர் வாஷ் கடைகளில் அடிப்பகுதிக்கு டீசல் அடிப்பதும் இப்படித்தான். ரப்பர் புஷ்களுக்கு அது நல்லதல்ல, வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத பெயிண்ட் உள்ள காருக்கு?

இங்கே சொன்ன எதையும் போடாதீர்கள். வாக்ஸ் பட்டால் திட்டுத் திட்டாகப் பளபளக்கும், சரிசெய்வது கடினம், பாலிஷும் போட முடியாது. மேட் பெயிண்டுக்கென்றே தனி சீலன்ட் கிடைக்கிறது, அதையும் முதலில் டிக்கியின் உள்விளிம்பில் சின்ன இடத்தில் பூசிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.